இலக்கியக் கட்டுரைக்கு எவ்வாறு வாசிப்பது?

(யட்டவத்தவில் எமது இளைஞர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பரீட்சையிற் கேட்கப்படும் இலக்கியக் கட்டுரைக்கு எவ்வாறு வாசித்து ஆயத்தமாதல் வேண்டும் என்பது பற்றிப் பேசுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். பரீட்சை என்ற சொல்லைக் கேட்டதும் இளைஞரின் முகம் சிறிது வாடுகின்றது. பெரியோரோ, இது பிள்ளைகளுக்குரிய பேச்சு, எமக்கு இதில் என்ன என்று எண்ணுகின்றனர். ஆயினும் இப்பேச்சு இரு சாராருக்கும் உரியதே. ஒரு நூலை எப்படி வாசிப்பது, வாசித்த பின் ஒருவனைப் பற்றி எப்படித் தீர்ப்புச் சொல்வது என்பதே நாம் இன்று ஆராயவிருக்கும் விஷயம். பரீட்சை அதற்கு ஒரு வாயில் மாத்திரமே.

முதலில் நம் ஊர் நிலையைப் பார்ப்போம். க.பொ.த. உயர்தர வகுப்பிலே தமிழைப் பாடமாக எடுக்கும் பிள்ளை மாத்தளைப் பட்டினத்துக்குப் பஸ் ஏறிப் போகின்றது. வகுப்பில் இருந்து கேட்கின்றது. வரும்போது குறிப்புகளைப் போட்டோப் பிரதி எடுத்துக்கொண்டு வருகின்றது. அந்தக் குறிப்பிலே கதைச் சுருக்கம் உண்டு; பாத்திரங்களின் குணம் உண்டு; வினா உண்டு; விடையும் உண்டு. நூல் ஒன்றுதான் இல்லை. பிள்ளை அந்த விடையைப் பாராமற் படித்து, பரீட்சை மண்டபத்தில் அப்படியே இறக்கி வைக்கின்றது. இதிலே பிள்ளையைக் குறை கூறுவதற்கில்லை. வீட்டிலே முதன்முதலாக உயர்தர வகுப்புக்குப் போகும் பிள்ளைக்கு, "நூலை நீயே வாசித்து நீயே முடிவு சொல்லலாம்" என்று எடுத்துச் சொல்ல அருகில் ஆள் இருப்பதில்லை. ஆகவே அச்சொல்லை இன்று நாம் சொல்லவேண்டியிருக்கின்றது.

மனனம் செய்வது தீது என்று நாம் சொல்ல வரவில்லை. நமது மாத்தளைக்கு அருகிலே அலுவிகாரை இருப்பதை யாவரும் அறிவீர்கள். தலைமுறை தலைமுறையாக வாய்ப்பாடமாக இருந்த பௌத்த திரிபிடகத்தை, கி.மு. முதலாம் நூற்றாண்டிலே பிக்குகள் ஏட்டில் எழுதி வைத்த இடம் அது என்பது மரபு. நம் ஓதுவார்களும் திருமுறைகளை நெஞ்சிலேயே வைத்துக் காத்தனர். ஆனால் அவர்கள் மனனம் செய்தது மூலத்தை. நாமோ மூலத்தை விட்டுவிட்டு, யாரோ ஒருவர் அதைப் பற்றிச் சொன்ன முடிவை மனனம் செய்கின்றோம். வினா சற்றே திரும்பி வந்தால் அந்த மனனம் கைகொடுப்பதில்லை. மூலத்தை அறிந்தவனுக்கோ வினா எப்பக்கம் திரும்பினும் சொல்லுவதற்கு ஏதேனும் இருக்கும்.

நிற்க. பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் பயனில்லை. ஒரு நூலையும் ஒரு வினாவையும் எடுத்துக்கொண்டு வாசித்துப் பார்ப்போம். நூல் சிலப்பதிகாரம். வினா இது: "பாண்டியன் நெடுஞ்செழியன் நீதி தவறிய கொடுங்கோலனே. இக்கூற்றை ஆராய்க."

இந்நூலை நாம் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. இது நமக்கு அந்நியமான கதையன்று. செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்தபோது இலங்கை மன்னன் கயவாகுவும் அங்கே வந்திருந்ததாக வரந்தரு காதை கூறுகின்றது. கண்டியிலே ஆண்டுதோறும் நடைபெறும் பெரஹராவில் பத்தினி தேவாலயத்தின் ஊர்வலமும் வருகின்றதல்லவா? அந்தப் பத்தினி நம் கண்ணகியே. மட்டக்களப்புப் பகுதியிலே அவளைக் கண்ணகை அம்மன் என்று வழிபடுகின்றனர்.

இனி வாசிக்கும் முறைக்கு வருவோம். அதனை நான்கு படியாகச் சொல்லலாம்.

முதற்படி, கதையைக் கதையாக வாசித்தல். பென்சிலும் வேண்டாம், கொப்பியும் வேண்டாம். மூன்று காண்டங்களும் முப்பது காதைகளும் கொண்ட நூல் அது. முழுவதையும் ஒருமுறை வாசித்தல் உத்தமம். காலம் போதாதெனில், மதுரைக் காண்டத்திலே கொலைக்களக் காதை தொடங்கிக் கட்டுரை காதை வரையிலாவது இடையில் நிறுத்தாமல் வாசித்தல் வேண்டும். வாய்விட்டு வாசிப்பது நல்லது. சொல் விளங்காத இடத்தில் நின்று மலைக்க வேண்டாம், கடந்து செல்லுங்கள். யார் வந்தார், யார் போனார், என்ன நடந்தது என்பது விளங்கினாற் போதும். வழக்குரை காதை மிகச் சிறியது. தேநீர் ஆறுவதற்குள் வாசித்துவிடலாம்.

இரண்டாம் படி, வினாவைப் பிளத்தல். நூலை வாசிப்பது போலவே வினாவையும் வாசித்தல் வேண்டும். மேலே சொன்ன வினாவிலே மூன்று உறுப்புகள் உள்ளன. "நீதி தவறிய" என்பது ஒன்று. "கொடுங்கோலன்" என்பது மற்றொன்று. இரண்டும் ஒன்றல்ல. ஒருநாள் ஒரு வழக்கிலே தவறியவன் வேறு. கொடுமையே தொழிலாகக் கொண்டவன் வேறு. மூன்றாவது, "ஆராய்க" என்னும் ஏவல். போற்றுக என்றோ தூற்றுக என்றோ கேட்கவில்லை; இரு பக்கமும் பார்த்து ஒரு முடிவுக்கு வா என்று கேட்கின்றனர். இவ்வளவையும் கண்டுகொண்டால் கட்டுரையின் எலும்புக்கூடு அமைந்துவிட்டது.

மூன்றாம் படியே பிரதானமானது. வினாவைக் கையில் வைத்துக்கொண்டு நூலை மறுபடி வாசித்தல். இப்போது கொப்பியும் பென்சிலும் வேண்டும். பாண்டியனைப் பற்றி நூலிலே எங்கெங்கு என்ன வருகின்றது, அதைச் சொல்பவர் யார், யாரிடம் சொல்கின்றார், எந்த நிலையில் நின்று சொல்கின்றார் என்று குறித்தல் வேண்டும். நாம் மிஷன் பாடசாலையிலே படித்தவர்கள். அங்கே வேதாகம வகுப்பில் ஒரு வாக்கியத்தைச் சொல்லி, "இதைச் சொன்னவர் யார்? யாருக்குச் சொன்னார்? ஏன் சொன்னார்?" என்று கேட்பது வழக்கம். சமயம் எதுவாயினும் அந்த மூன்று கேள்விகள் எந்த நூலுக்கும் பொருந்தும். அவற்றைச் சிலப்பதிகாரத்திடம் கேட்டுப் பார்ப்போம்.

முதலாவது இடம் கொலைக்களக் காதை. அரசன் ஆடல் மகளிரின் கூத்தைப் பார்த்துக்கொண்டிருக்கின்றான். அரசி ஊடல் கொண்டு, தலைநோவு என்று சொல்லி எழுந்து போகின்றாள். அவளைத் தேற்றுவதற்காக அரசன் அந்தப்புரம் நோக்கி நடக்கின்றான். அந்த நேரம் பார்த்துப் பொற்கொல்லன் எதிரே வந்து விழுந்து வணங்குகின்றான். சிலம்பைத் திருடியவன் தன் குடிசையில் இருப்பதாகச் சொல்கின்றான். உண்மையில் அரசியின் சிலம்பைக் கவர்ந்தவன் அவனே. அரசன் நின்று விசாரிக்கவில்லை; காவலரை அழைத்துக் கட்டளை இடுகின்றான்.

அந்தக் கட்டளையைச் சற்றுக் கவனித்து வாசித்தல் வேண்டும். கொன்று சிலம்பைக் கொண்டு வாருங்கள் என்று மாத்திரம் அரசன் சொல்லவில்லை. தேவியின் சிலம்பு அக்கள்வன் கையில் இருக்குமானால் என்ற நிபந்தனையோடு சொல்கின்றான். குறிப்புப் புத்தகத்தின் கதைச் சுருக்கத்தில் இந்த "ஆனால்" பெரும்பாலும் விழுந்துபோகும். மூலத்தை வாசித்தவன் கண்ணுக்கு அது தப்பாது. அரசன் ஒரு நிபந்தனை விதித்தான். ஆயின் அது நிறைவேறியதா என்று பார்க்கும் பொறுப்பைக் குற்றம் சாட்டியவனிடமே விட்டுவிட்டான். பாண்டியனுக்குச் சார்பாகவும் எதிராகவும் பேசுவதற்கு இந்த ஒரு சொல்லே இடந்தருகின்றது. இன்னும், கொல்லக் கொண்டு வருக என்று சொல்ல எண்ணியவன் வாய் தவறிக் கொன்று கொண்டு வருக என்று சொல்லிவிட்டான் என விளக்கும் உரைமரபும் உண்டு. ஊழ்வினை நாவைத் திருப்பிற்று என்பது அதன் கருத்து. அதை ஏற்பதா மறுப்பதா என்பதை வாசிப்பவன் தானே தீர்மானிக்கலாம்.

இரண்டாவது இடமும் அக்காதையிலேயே உள்ளது. காவலர் கோவலனைக் கண்டதும் தயங்குகின்றனர். இவன் தோற்றம் கள்வன் தோற்றமாக இல்லையே என்கின்றனர். பொற்கொல்லன் கள்வரின் சாமர்த்தியங்களை விரித்துரைத்து அவர்கள் வாயை அடைக்கின்றான். முடிவில் குடிவெறி கொண்ட ஒருவன் வாளை வீசுகின்றான். அரண்மனையிலே எழாத ஐயம் கடைநிலைக் காவலர் மனத்திலே எழுந்திருக்கின்றது. இது பாண்டியனுக்கு எதிரான வலிய சான்று.

மூன்றாவது இடம் வழக்குரை காதை. கண்ணகி வந்து நிற்கின்றாள். கள்வனைத் தண்டிப்பது அரச நீதியே என்று அரசன் விடை சொல்கின்றான். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கின்றாள் அவள். எம் சிலம்பின் பரல் முத்து என்கின்றான் அவன். கோவலனிடமிருந்து எடுத்த சிலம்பைக் கொண்டுவரச் சொல்லி அவள் முன் வைக்கின்றான். அவள் அதை உடைக்க, மாணிக்கம் தெறிக்கின்றது. இங்கே ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. முதலில் நடந்திருக்கவேண்டிய விசாரணை கடைசியில் நடக்கின்றது. ஆயினும் சான்று வெளிப்பட்ட கணத்திலே அரசன் மறுத்துப் பேசவில்லை. தான் அரசனல்லன் என்று தன்னைத் தானே தீர்த்துக்கொண்டு வீழ்ந்து உயிர் விடுகின்றான். கோப்பெருந்தேவியும் உடன் மாய்கின்றாள். கொடுங்கோலன் ஒருவன் இப்படிச் செய்வானா?

நான்காவது இடம் கட்டுரை காதை. மதுராபதித் தெய்வம் கண்ணகியிடம் பாண்டியர் குலத்தின் நீதியைப் பரிந்து பேசுகின்றது. வார்த்திகன் என்னும் அந்தணனைச் சிலர் பொய்க் குற்றம் சாட்டிச் சிறையிட்டதும், உண்மை அறிந்த பாண்டியன் அவனிடம் மன்னிப்பு வேண்டியதும் அங்கே சொல்லப்படுகின்றன. முற்பிறப்பு வினையும் அங்கே பேசப்படுகின்றது. ஆனால் இது மதுரையின் தெய்வம். தன் நகரத்து அரசனுக்காகப் பேசுகின்றது என்பதை மறத்தலாகாது.

ஐந்தாவது இடம் வஞ்சிக் காண்டத்துக் காட்சிக் காதை. செய்தியைக் கேட்ட சேரன் செங்குட்டுவன், வினையால் வளைந்த பாண்டியனின் கோல் அவன் உயிர் நீத்ததால் நேராயிற்று என்ற கருத்துப்படப் பேசுகின்றான். சேரன் பாண்டியனின் குலத்தவனல்லன். அவன் வாயிலிருந்து இப்படி வருவது தனி மதிப்புடையது.

பார்த்தீர்களா? ஐந்து இடங்கள், ஐந்து சாட்சிகள். ஒவ்வொன்றையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டால் ஐந்து துண்டுகள். மேசையிலே அவற்றைப் பரப்பி, இடப்பக்கம் எதிரானவை, வலப்பக்கம் சார்பானவை என்று பிரித்து வைத்தால் கட்டுரை கண்முன்னே தெரியும். நாளை வினா மாறி, "பாண்டியன் வீழ்ச்சிக்குக் காரணம் ஊழா, அவசரமா?" என்று வந்தாலும் அஞ்ச வேண்டியதில்லை. அதே துண்டுகளை வேறு வரிசையில் அடுக்கினாற் போதும்.

நான்காம் படி, நம் முடிவுக்கு எதிரானதைத் தேடி வாசித்தல். பாண்டியன் கொடுங்கோலனல்லன், அவசரத்தால் நீதி தவறியவன் என்று நாம் முடிவு செய்ததாக வைத்துக்கொள்வோம். உடனே எழுதத் தொடங்கலாகாது. "இல்லை, அவன் கொடியவனே" என்று வாதிப்பவன் எந்த இடத்தைக் காட்டுவான் என்று ஒருமுறை தேடிப் பார்த்தல் வேண்டும். காவலரின் தயக்கத்தை அவன் காட்டுவான். குற்றமற்ற ஒருவன் உயிர் போன பிறகு அரசன் வருந்தி என்ன பயன் என்று கேட்பான். அதற்கு நம் கட்டுரையிலே ஒரு பந்தி ஒதுக்கி மறுமொழி சொல்லுதல் வேண்டும். எதிர்க்கட்சிக்கும் இடங் கொடுத்த கட்டுரையே ஆராய்ந்த கட்டுரை.

இந்த இடத்திலே உரை நூல்களைப் பற்றி ஒரு வார்த்தை. உரையைப் படித்தல் அவசியம். ஆனால் மூலத்தை நாமே ஒருமுறை வாசித்த பின்னரே அதனிடம் போதல் வேண்டும். சிலப்பதிகாரத்தை உ. வே. சாமிநாதையர் அவர்கள் அரும்பதவுரையோடும் அடியார்க்கு நல்லார் உரையோடும் 1892ஆம் ஆண்டிலே பதிப்பித்தார்கள். அடியார்க்கு நல்லாரோ இசையும் கூத்தும் நிறைந்த பேருரை எழுதியவர். ஆயின் ஊர்சூழ்வரிக்குப் பின்னுள்ள பகுதிக்கு அவருடைய உரை நமக்குக் கிடைக்கவில்லை. ஊர்சூழ்வரியை அடுத்து வருவது எது? வழக்குரை காதை! கண்ணகி அரசன் முன் நின்று வழக்குரைக்கும் அந்த இடத்திலே பெரிய உரைகாரர் நம்மோடு இல்லை. அரும்பதவுரை சொற்பொருளுக்குத் துணை செய்கின்றது. பிற்கால உரைகளும் உண்டு. ஆயினும் அவ்வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொறுப்பு வாசிப்பவனுக்கே உரியது.

சில அடிகளை ஊன்றி வாசிப்பதால் என்ன வந்துவிடும் என்று எவரேனும் கேட்கலாம். சுவாமி விபுலாநந்தரை நினைவுகூருங்கள். காரைதீவிலே 1892ஆம் ஆண்டு பிறந்து, மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிலே படித்து, 1916ஆம் ஆண்டு மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் பரீட்சையில் தேறியவர் அவர். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலே யாழாசிரியனைப் பற்றி வரும் 25 அடிகளுக்கு விரிவுரையாக அமைந்ததே, 1947ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய யாழ் நூல். பரீட்சை எழுதியவர்தாம் அவரும். பரீட்சை முடிந்ததும் நூலை மூடி வைத்தாரல்லர்.

அவர் சேக்ஸ்பியரின் நாடகங்களை ஆராய்ந்து மதங்க சூளாமணி என்னும் நூலையும் எழுதினார். சேக்ஸ்பியரின் ஒதெல்லோ நாடகத்தைப் படித்தவர்களுக்குப் பாண்டியன் வழக்கு வேறொன்றை நினைவூட்டும். அங்கே ஒரு கைக்குட்டை. இங்கே ஒரு சிலம்பு. அங்கே இயாகோ, இங்கே பொற்கொல்லன். பொய்ச் சான்று ஒன்றை நம்பி, கேட்கவேண்டியவளைக் கேளாமல் ஒதெல்லோ மனைவியைக் கொன்றான்; உண்மை தெரிந்ததும் தன்னையே மாய்த்துக்கொண்டான். இத்தகைய ஒப்பீடு கட்டுரைக்கு அழகு தரும். ஆனால் அது ஒரு வாக்கியம், அல்லது இரண்டு வாக்கியம். கேட்ட வினாவை விட்டு வெளிநாடு போய்விடலாகாது.

இனி எழுதுவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வோம். நன்றாக வாசித்தவனுக்கு எழுதுவது பாதி வேலைதான். முதற் பந்தியிலேயே உங்கள் முடிவைச் சொல்லிவிடுங்கள். "முத்தமிழ்க் காப்பியமாகிய சிலப்பதிகாரம்" என்று அரைப் பக்கம் புகழ்ந்துகொண்டிருந்தால், விடைத்தாள் திருத்துபவர் வினாவுக்கு விடை எங்கே என்று தேடுவார். பின்னர் ஒரு பந்திக்கு ஒரு கருத்து. அக்கருத்துக்கு நூலிலிருந்து ஒரு சான்று. அச்சான்று எப்படி அக்கருத்தை நிலைநாட்டுகின்றது என்று ஒரு விளக்கம். மூன்றாவதே பலரும் விட்டுவிடுவது. சான்றை மேற்கோளாகக் காட்ட முடியாவிடினும், காதையின் பெயரைச் சுட்டி உங்கள் சொந்த வசனத்தில் சொன்னாற் போதும். எழுதத் தொடங்குமுன் ஐந்து நிமிடம் ஒதுக்கி வரிசையைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஐந்து நிமிடம் நட்டமன்று.

நூல் எங்கே கிடைக்கும் என்ற கேள்வி எழுவது நியாயமே. நம் ஊரிலே பெரிய வாசிகசாலை இல்லை. ஆயினும் இக்காலத்தில் அநேகமாக வீட்டுக்கொரு கைத்தொலைபேசி இருக்கின்றது. 1998ஆம் ஆண்டு தொடங்கிய மதுரைத் திட்டத்திலே சிலப்பதிகாரத்தின் மூலம் இலவசமாகக் கிடைக்கின்றது. தமிழ் இணையக் கல்விக்கழகத்திலே உரையும் உண்டு. நம் நாட்டு நூல்களையும் பழைய சஞ்சிகைகளையும் நூலகம் என்னும் இணையத்தளம் சேர்த்து வைத்திருக்கின்றது. பஸ் கட்டணம் வேண்டியதில்லை.

பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம். காமன் கூத்தையும் அருச்சுனன் தபசையும் பொன்னர் சங்கரையும் விடிய விடிய இருந்து பார்த்தவர்கள் நீங்கள். யார் செய்தது நியாயம், யார் செய்தது அநியாயம் என்று கூத்து முடிந்த பின்னும் லயத்து வாசலிலே இருந்து வாதாடியவர்கள். அந்த வாதாட்டமே இலக்கிய விமரிசனம். பிள்ளை வாசித்ததை உங்களிடம் சொல்லட்டும். நீங்கள் "அப்படியா? ஏன் அப்படிச் செய்தான்? உனக்கெப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் விளங்கும்படி பிள்ளை மறுமொழி சொல்லிவிட்டால் அதன் கட்டுரை ஆயத்தமாகிவிட்டது என்று கொள்ளலாம். இந்தப் பழங்கதையால் என்ன உத்தியோகம் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். பொற்கொல்லன் சொன்னதைக் கேட்டவுடன் நம்பிய அரசன் ஒருவனால் ஒரு நகரமே எரிந்தது. இன்று தொலைபேசியிலே ஒருவன் ஏதோ எழுதி அனுப்புகின்றான். பார்த்தவுடன் நம்பி ஆத்திரங் கொள்கின்றோம். சொன்னவன் யார், எந்த நோக்கத்தோடு சொன்னான், சான்று என்ன என்று கேட்கப் பழகிய பிள்ளை தோட்டத்திலும் இருக்கலாம், நீதிமன்றத்திலும் இருக்கலாம். எங்கிருப்பினும் அதனால் பிறருக்குத் தீங்கு வராது.

இளைஞர் அன்பர்களே! நூலை வாசியாமல் பாண்டியனைக் கொடியவன் என்று எழுதுவது, விசாரியாமல் கோவலனைக் கள்வன் என்று தீர்ப்பதற்கு ஒப்பாகும். ஆகவே சங்கத்தாருக்கு ஒரு யோசனையைச் சமர்ப்பிக்கின்றோம். ஞாயிறு மாலையில் இரண்டு மணி நேரம் சங்க மண்டபத்திலே ஐந்தாறு பேர் கூடுவோம். ஒருவர் மூலத்தை வாசிக்க, மற்றவர் துண்டுக் காகிதத்தோடு கேட்கட்டும். விருப்பமுள்ள பெரியோரும் வந்திருந்து கேள்வி கேட்கட்டும். வரும் ஞாயிறு கொலைக்களக் காதையிலிருந்து தொடங்கலாம்.